பூனையின் தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்கினால்: நான்கு சிகிச்சை முறைகளும் உங்கள் தெரிவும்

இத்தகவல் யாருக்கு?

வீட்டில் பூனை வளர்ப்போருக்காக, குறிப்பாகப் பத்து வயதைக் கடந்த பூனையைப் பராமரிப்போருக்காக இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் உள்ள நடைமுறைகளே இதில் விளக்கப்படுகின்றன. இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் பூனைக்கு எது பொருத்தம் என்பதை அதனைப் பரிசோதித்த மிருக வைத்தியருடன் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலியும் பூனை

வயது முதிர்ந்த பூனை மெலியத் தொடங்கும்போது, "வயது போய்விட்டது, மெலிவது இயல்புதானே" என்று பலர் எண்ணுகின்றனர். அதே பூனை முன்பைவிட அதிகமாக உண்பதைக் கண்டு, "நன்றாகச் சாப்பிடுகிறது, நோய் ஏதும் இராது" என்று ஆறுதல் அடைவோரும் உளர். இவ்விரு எண்ணங்களுமே சிகிச்சையைத் தாமதப்படுத்துகின்றன. அதிகமாக உண்டும் உடல் மெலிவது முதுமையின் அடையாளம் அன்று. வயதான பூனைகளில் அது பெரும்பாலும் தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்குவதன் அறிகுறியாகும். மிருக வைத்தியசாலையில் இந்நோயை "ஹைப்பர்தைரொயிடிசம்" என்று குறிப்பிடுவார்கள்.

பூனையின் கழுத்தில், மூச்சுக்குழாயின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகத் தைரொயிட் சுரப்பிகள் அமைந்துள்ளன. உணவை உடல் எவ்வளவு வேகமாகச் சக்தியாக மாற்றுகிறது என்பதை அவற்றின் சுரப்பு நீரே கட்டுப்படுத்துகிறது. சுரப்பு மிகும்போது உடலின் எல்லா உறுப்புகளும் ஓய்வின்றி விரைந்து இயங்குகின்றன. உண்ட உணவு போதாமல் உடல் தன் தசையையே கரைக்கிறது. இதயம் மிக வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தமும் உயரலாம்.

பூனைகளுக்கு வரும் இந்நோய் 1979இல் நியூயோர்க்கில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று அது வயதான பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் சுரப்பி நோய்களுள் ஒன்று. பெரும்பாலும் 12, 13 வயதளவில் கண்டறியப்படுகிறது. சுரப்பியில் தோன்றும் வீக்கம் மிகப் பெரும்பாலான பூனைகளில் புற்றுநோய் அன்று. நீங்கள் செய்த ஏதேனும் ஒரு தவறினால் இந்நோய் வந்துவிட்டது என்று வருந்த வேண்டியதும் இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• உணவு குறையாமலோ கூடியோ இருக்க, எடை குறைதல்
• வழமையைவிட அதிகமாக நீர் அருந்துதல், அதிகமாகச் சிறுநீர் கழித்தல்
• அமைதியின்மை, இரவில் உரத்துக் கத்துதல்
• அடிக்கடி வாந்தி அல்லது வயிற்றோட்டம்
• உரோமம் சடைபிடித்து, பராமரிப்பற்றுத் தோன்றுதல்
• மிக வேகமான இதயத்துடிப்பு

சில பூனைகள் இதற்கு மாறாகச் சோர்ந்து, உணவை வெறுத்து ஒதுங்கிக் கிடக்கும். ஆகவே உற்சாகம் குறைந்திருப்பதை மட்டும் கொண்டு இந்நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது.

எடையை வீட்டிலேயே கவனிக்கலாம். முதலில் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் நில்லுங்கள். பின்னர் நீங்கள் மட்டும் நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பூனையின் எடை. குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தால் இன்னும் துல்லியமாக அறியலாம். மாதம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 4 கிலோ எடையுள்ள பூனை அரைக் கிலோ மெலிவது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏழரைக் கிலோ மெலிவதற்குச் சமம். அதனைச் சிறு வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது.

நோய் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

மிருக வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இதயத்தின் ஒலியைக் கேட்டபின், "ரீ4" எனப்படும் தைரொயிட் சுரப்பின் அளவை இரத்தப் பரிசோதனை மூலம் அறிவார். பூனைக்கு வேறொரு நோயும் இருந்தால் அந்த அளவு இயல்பானது போலத் தோன்றக்கூடும். அறிகுறிகள் தொடருமாயின் சில வாரங்களின் பின் மீண்டும் பரிசோதிக்கும்படி கூறுவது வழக்கம். சிறுநீரகங்களின் நிலை, சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவையும் பரிசோதிக்கப்பட வேண்டும். கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தம் விழித்திரையைப் பிரித்து, பூனையைத் திடீரெனப் பார்வையிழக்கச் செய்துவிடலாம்.

சிகிச்சை இன்றி விடப்படும் பூனை தொடர்ந்து மெலிந்து, நாளடைவில் இதயம் பலவீனமடைந்து உயிரிழக்க நேரிடும். சிகிச்சை பெறும் பூனைகளுள் பல, எடை கூடி, பழைய அமைதிக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன.

நான்கு சிகிச்சை முறைகள்

1. மருந்து

பெரும்பாலான பூனைகளுக்கு முதலில் வழங்கப்படுவது மருந்தே. தையமசோல் என்னும் மருந்து குளிசையாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. கார்பிமசோல் என்பது உடலினுள் தையமசோலாக மாறும் மருந்து. இவை சுரப்பு உருவாவதைத் தடுக்கின்றன. ஆனால் சுரப்பியில் உள்ள வீக்கத்தை அகற்றுவதில்லை. ஆகவே மருந்தை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும், பெரும்பாலும் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

மருந்து தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிசெய்வார்கள். அதன் பின்னரும் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தோன்றும். வாந்தி, உணவில் வெறுப்பு, சோர்வு, முகத்தையும் கழுத்தையும் இரத்தம் வரும்வரை சொறிதல், கண்ணிலோ ஈறுகளிலோ மஞ்சள் நிறம் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் வைத்தியசாலையை அழையுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• குளிசையை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது.
• கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களும், பாலூட்டும் தாய்மாரும் இம்மருந்தையும் பூனையின் மணல்தட்டையும் கையுறையின்றித் தொடக் கூடாது. முடிந்தால் இப்பணியை வேறொருவர் செய்வதே நல்லது.
• குளிசையைக் கறித்துண்டில் மறைத்துக் கொடுக்காதீர்கள். கறியில் சேரும் வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு.
• பூனை குளிசை விழுங்க மறுத்தால் அதனோடு நாள்தோறும் போராட வேண்டாம். திரவ மருந்து பொருந்துமா எனக் கேளுங்கள். காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் சில வைத்தியசாலைகள் வழங்குகின்றன. களிம்பைத் தடவும்போது கட்டாயம் கையுறை அணிய வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: எம்மவர் வீடுகளில் தைரொயிட் குளிசை எடுக்கும் பெரியவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலானோர் எடுப்பது தைரொக்சின். சுரப்பு குறைந்தவர்களுக்கு அதனைக் கூட்டுவதற்கான மருந்து அது. பூனைக்கு வந்திருப்பதோ அதற்கு நேர்மாறான நோய். "இதுவும் தைரொயிட் குளிசைதானே" என்று பூனைக்குக் கொடுத்தால் நோய் மேலும் கடுமையாகும். மனிதருக்குரிய எந்த மருந்தையும் நீங்களாகவே பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒரேயொரு பரசிற்றமோல் குளிசைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

2. அயடீன் குறைந்த உணவு

தைரொயிட் சுரப்பு உருவாக அயடீன் தேவை. உணவிலுள்ள அயடீனை மிகக் குறைந்த அளவுக்கு மட்டுப்படுத்தினால் சுரப்பும் குறையும். இதற்கெனத் தயாரிக்கப்பட்ட உணவு மிருக வைத்தியரின் ஆலோசனையுடன் கிடைக்கிறது. பயன் தெரிய ஏறக்குறைய நான்கு வாரங்கள் அல்லது அதற்கும் மேல் ஆகலாம். இதுவும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியதே.

இம்முறையில் ஊசியோ குளிசையோ இல்லை. ஆயினும் பூனை அந்த உணவைத் தவிர வேறெதையும் உண்ணலாகாது. மீனிலும் பாலிலும் அயடீன் நிறைந்துள்ளது. நெத்தலித் தலை, ரின் மீன், கருவாட்டுத் துண்டு, தேநீருக்கு ஊற்றிய பாலில் மிஞ்சிய ஒரு கரண்டி என எதுவாயினும் இச்சிகிச்சையின் பயனைக் கெடுத்துவிடும். பாட்டி அன்போடு மேசைக்கு அடியில் போடும் ஒரு துண்டும் இதில் அடங்கும். ஆகவே வீட்டிலுள்ள அனைவரும் உடன்பட்டால் மட்டுமே இம்முறையைத் தெரிவு செய்யுங்கள். வெளியே சென்று வேட்டையாடும் பூனைக்கும், அயல்வீட்டில் உண்ணும் பூனைக்கும் இது பொருந்தாது.

3. சத்திர சிகிச்சை

வீங்கிய சுரப்பியை அறுவை மூலம் அகற்றுவது நோயை முற்றாகக் குணப்படுத்தக்கூடியது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், முதலில் சில வாரங்கள் மருந்து கொடுத்து இதயத்துடிப்பையும் எடையையும் சீராக்குவார்கள்.

தைரொயிட் சுரப்பியை ஒட்டியே மிகச் சிறிய வேறு சுரப்பிகளும் உள்ளன. உடலின் கல்சியம் அளவைக் காப்பவை அவை. அறுவையின்போது அவை பாதிக்கப்பட்டால், அடுத்துவரும் சில நாட்களுக்குள் கல்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். தசை துடித்தல், நடுக்கம், முகத்தைத் தேய்த்தல், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இரு பக்கச் சுரப்பிகளையும் அகற்றும்போது இவ்வாபத்து கூடுதல். ஏறக்குறைய பத்தில் ஏழு பூனைகளுக்கு இரு பக்கமும் பாதிக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் அகற்றினால் மறுபக்கத்தில் நோய் பின்னர் தோன்றவும் கூடும்.

4. கதிரியக்க அயடீன்

தைரொயிட் சுரப்பி அயடீனைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அவ்வியல்பையே இச்சிகிச்சை பயன்படுத்துகிறது. கதிரியக்க அயடீன் ஒருமுறை ஊசி மூலம், பெரும்பாலும் தோலின் கீழ், செலுத்தப்படுகிறது. அது நோயுற்ற சுரப்பித் திசுவில் சேர்ந்து, அதனை அழிக்கிறது. ஏனைய உறுப்புகள் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. மயக்க மருந்தும் வழமையாகத் தேவைப்படாது. நூற்றில் ஏறக்குறைய 95 பூனைகள் ஒரே ஊசியில் குணமடைகின்றன. சில பூனைகளுக்குப் பின்னர் சுரப்பு அளவுக்கு மீறிக் குறைந்து, அதற்கு மருந்து தேவைப்படலாம்.

இச்சிகிச்சையை உரிமம் பெற்ற குறிப்பிட்ட சில நிலையங்கள் மட்டுமே வழங்குகின்றன. பூனையின் உடலிலுள்ள கதிரியக்கம் குறையும்வரை அது அங்கேயே தங்க வேண்டும். நிலையத்தின் விதிகளைப் பொறுத்து இது சில நாட்களாகவோ சில வாரங்களாகவோ இருக்கலாம். அக்காலத்தில் நீங்கள் சென்று பார்க்க அனுமதி பெரும்பாலும் கிடைக்காது. வீடு திரும்பிய பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பூனையை மடியில் நெடுநேரம் வைத்திருக்கவோ படுக்கையில் தூங்க விடவோ கூடாது. சிறுவர்களும் கர்ப்பிணிகளும் விலகி இருக்க வேண்டும். மணல்தட்டின் கழிவை எவ்வாறு அகற்றுவது என்பது குறித்து நிலையம் எழுத்தில் தரும் அறிவுறுத்தலை அப்படியே பின்பற்றுங்கள்.

சிறுநீரகம் பற்றிய ஓர் உண்மை

தைரொயிட் சுரப்பு மிகும்போது சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் கூடுகிறது. இதனால் பலவீனமான சிறுநீரகங்கள்கூட நன்றாக இயங்குவது போலப் பரிசோதனையில் தோன்றும். தைரொயிட் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னரே உண்மை நிலை வெளிப்படும். "சிகிச்சைதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது" என்று சிலர் கலங்குவதற்குக் காரணம் இதுவே. நோய் முன்னரே இருந்தது, அதன் திரை இப்போது விலகியுள்ளது. இக்காரணத்தினால், நிரந்தரமான சிகிச்சைக்கு முன் சில வாரங்கள் மருந்து கொடுத்துச் சிறுநீரகங்களின் நிலையைப் பார்ப்பதே பல வைத்தியர்களின் வழக்கம். மருந்தின் அளவைக் குறைக்கலாம். அகற்றிய சுரப்பியைத் திரும்ப வைக்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

சிகிச்சையைத் தெரிவு செய்யும்போது பூனையின் நிலையோடு வீட்டின் நிலையையும் எண்ணிப் பாருங்கள்.

பூனைக்கு வயது பத்து அளவில் இருந்து, ஏனைய உறுப்புகள் நலமாக இருந்தால், கதிரியக்க அயடீன் தொடக்கத்தில் செலவு மிகுந்ததாகத் தோன்றினும், பல ஆண்டு மருந்தையும் பரிசோதனைகளையும் கணக்கிட்டால் நெருங்கிய தொகையாகவே இருக்கலாம்.

பகலில் அனைவரும் வேலைக்குச் சென்று, வயதான பெற்றோர் மட்டுமே வீட்டில் இருப்பின், குளிசை கொடுக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் சுமத்துவதற்கு முன் அவர்களுடைய கைகளின் வலுவையும் பார்வையையும் எண்ணுங்கள். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கொடுக்கும் வகையில் நேரத்தை ஒழுங்கு செய்ய முடியுமா என வைத்தியரிடம் கேட்கலாம்.

கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில், அதனைத் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்து, கதிரியக்க அயடீன் ஆகிய இரண்டுக்குமே இது முக்கியமான தகவல்.

பூனை மிக முதிர்ந்து, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், நோயை முற்றாகக் குணப்படுத்துவதைவிட அதன் துன்பத்தைக் குறைப்பதே இலக்காகலாம். அவ்வாறு முடிவு செய்வது பூனையைக் கைவிடுவதாகாது. மெலிந்து வருந்தும் பூனையை எவ்விதக் கவனிப்பும் இன்றி விடுவதே தவிர்க்கப்பட வேண்டியது.

செலவும் உதவியும்

தேசிய சுகாதார சேவை மிருகங்களுக்கு இல்லை. செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஆகவே:

• ஒவ்வொரு சிகிச்சைக்கும் எழுத்து மூலமான மதிப்பீட்டை முன்கூட்டியே கேளுங்கள். பரிசோதனைகளின் செலவும் அதில் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.
• மருந்தை வைத்தியசாலையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்துச் சீட்டை எழுதித் தரும்படி கேட்டு, அங்கீகாரம் பெற்ற இணையவழி மருந்தகத்தில் வாங்கலாம். சீட்டுக்குக் கட்டணம் அறவிடப்படலாம். இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள்.
• காப்புறுதி இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன் நிறுவனத்தை அழையுங்கள். நோய் கண்டறியப்பட்ட பின்னர் எடுக்கும் காப்புறுதி பெரும்பாலும் அந்நோய்க்குப் பணம் தராது.
• குறைந்த வருமானம் உடையோருக்கும் குறிப்பிட்ட அரச கொடுப்பனவுகள் பெறுவோருக்கும் பி.டி.எஸ்.ஏ., புளூ குரொஸ் போன்ற தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை வழங்குகின்றன. தகுதி உங்கள் அஞ்சல் குறியீட்டையும் பொறுத்தது. நோய் முற்றும்வரை காத்திராது முன்னரே விசாரியுங்கள்.

பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பூனையை வைத்தியரிடம் கொண்டுசெல்லாமல் இருப்போர் உள்ளனர். உங்கள் வரவு செலவை வெளிப்படையாகச் சொன்னால், அதற்குள் செய்யக்கூடியதை வைத்தியர் எடுத்துரைப்பார்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆங்கிலத்தில் உரையாடுவது கடினமாக இருப்பின், நேரம் பதியும்போதே அதனைத் தெரிவித்து, வயதுவந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவு, பக்கவிளைவு போன்றவற்றை மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். அறிவுறுத்தல்களை எழுதித் தரும்படி கேட்டு, வீட்டில் ஆறுதலாக வாசித்துக்கொள்ளுங்கள்.

• என் பூனைக்கு இந்நான்கு முறைகளுள் எவை பொருந்தும்? எவை பொருந்தா, ஏன்?
• இரத்த அழுத்தம் அளக்கப்பட்டதா? சிறுநீரகங்களின் நிலை என்ன?
• ஒரு வேளை மருந்து தவறினால் என்ன செய்ய வேண்டும்?
• அடுத்த பரிசோதனை எப்போது?
• முதல் ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு ஆகலாம்?

உடனடியாக அழைக்க வேண்டிய வேளைகள்

• வாயைத் திறந்து மூச்சு வாங்குதல்
• திடீரெனப் பார்வை இழந்து பொருட்களில் மோதுதல்
• பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழத்தல், வலியால் கத்துதல்
• வலிப்பு அல்லது தொடர்ச்சியான தசை நடுக்கம்
• ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணாதிருத்தல்

இரவிலும் விடுமுறை நாட்களிலும் உங்கள் வைத்தியசாலையின் வழமையான இலக்கத்தையே அழையுங்கள். அவசர சிகிச்சைக்கு எங்கே செல்ல வேண்டும் என்பதைப் பதிவு செய்யப்பட்ட குரல் அறிவிக்கும். அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் அதனைக் காட்டிக் கொடுங்கள்.

மிஞ்சிய மருந்தைக் கழிவறையிலோ குப்பையிலோ போடாது வைத்தியசாலையிடம் திருப்பிக் கொடுங்கள்.

இன்று செய்யக்கூடியது

உங்கள் பூனை பத்து வயதைக் கடந்திருந்தால், இன்றே அதன் எடையை அளந்து குறித்து வையுங்கள். அடுத்த மாதம் மீண்டும் அளவுங்கள். எடை குறைந்திருந்தால், அது எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும், மிருக வைத்தியரிடம் நேரம் பதிவு செய்யுங்கள். தன் உடல்நலக் குறைவைப் பூனையால் சொல்ல முடியாது. தராசில் குறையும் எடையை நீங்கள் கவனித்தால், கண்ணும் இதயமும் பாதிக்கப்படும் முன்னரே சிகிச்சையைத் தொடங்க முடியும்.